பனிக்கால நோட்டீஸில் வீட்டு நம்பர்

ஊராட்சி ஆபீஸில் எல்லாருக்கும் ஆளுக்கொரு வேலை. நோட்டீஸம்மாவுக்கு மட்டும் எல்லாருடைய வேலையும். பிறப்புப் பதிவு, இறப்புப் பதிவு, தண்ணீர் வரலை என்ற புகார், தண்ணீர் நிற்கலை என்ற புகார், தெருவிளக்கு, காணாமல் போன நாய் எல்லாம் அவள் மேஜைக்குத்தான் வரும். பதவியின் பெயர் எழுத்தர். ஆனால் வருஷா வருஷம் பனி தொடங்குமுன் வீட்டுக்கு வீடு போகிற பனிக்கால நோட்டீஸை இருபத்து நாலு வருஷமாக அவள்தான் அடிக்கிறாள் என்பதால் ஊருக்கு அவள் நோட்டீஸம்மா. பெற்ற மகளே கோபம் வந்தால், "போதும் நோட்டீஸம்மா, நிறுத்துங்க" என்பாள்.

ஒரே ஒரு தாள், ரெண்டு பக்கம். எந்தத் தெருவில் விழுந்து கிடக்கும் பனியை டிராக்டர் முதலில் தள்ளும், மணலும் உப்பும் கலந்த குவியல் எங்கெங்கே இருக்கும், குப்பை வண்டி செவ்வாய்க்குப் பதில் எந்தக் கிழமை, ராத்திரி குழாயை நூல் மாதிரி ஒழுக விட வேண்டும், இல்லாவிட்டால் உறைந்து வெடித்துவிடும், டாக்டர் எந்த நாள் வருவார் என்று எல்லாம் அதில் இருக்கும். கடைசி வரியில் பெரிய எழுத்தில் அவசரத்துக்குக் கூப்பிட வேண்டிய போன் நம்பர். அந்த ஊரில் யார் வீட்டுச் சமையலறை அலமாரியைத் திறந்தாலும் கதவின் உள்பக்கம் அவள் கைவேலை ஒட்டியிருக்கும். பெரும்பாலும் போன வருஷத்துத் தாள், அதற்கு மேலே இந்த வருஷத்துத் தாள்.

இந்த முறை ஆபீஸுக்குப் புதுச் செயலாளர் வந்திருந்தாள். நோட்டீஸம்மாவின் மகள் வயசுதான் இருக்கும். சுறுசுறுப்பு, மரியாதை, எதையும் ஒருமுறைக்கு ரெண்டுமுறை படிக்கிற கெட்ட பழக்கம். செவ்வாய்க்கிழமை காலையில் நோட்டீஸை முழுக்கப் படித்துவிட்டுத் தலையை நிமிர்த்தினாள்.

"எல்லாம் சரியா இருக்கு மேடம். இந்தக் கடைசி நம்பர் மட்டும் யாரோடது? நம்ம ஆபீஸ் நம்பர் இல்லையே."

நோட்டீஸம்மா தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "அது ரொம்ப நாளா இருக்கிற நம்பர் மேடம். பழசு."

"ரெண்டு தடவை அடிச்சுப் பார்த்தேன். ரிங் போகுது, யாரும் எடுக்கலை. வெள்ளிக்கிழமை அச்சுக்குக் குடுக்கணும். அந்த நம்பர்ல யார் எடுப்பாங்கன்னு சொல்லுங்க. ஆள் இல்லைன்னா டவுன் ஆபீஸ் நம்பரைப் போட்டுடலாம்."

யார் எடுப்பாங்க! சாதாரணமாகக் கேட்ட கேள்விதான். அந்தப் பெண்ணைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நாலு மாசமாக நோட்டீஸம்மா எந்தக் கேள்விக்குப் பயந்து ஓடிக்கொண்டிருந்தாளோ அதே கேள்வி. ஏனென்றால் அது அவள் வீட்டு நம்பர். பதினேழு பனிக்காலமாக அந்தப் போனை எடுத்தவர் அவள் வீட்டுக்காரர். நாலு மாசத்துக்கு முன் அவர் போய்விட்டார். போன் வயரை அவளே சுவரிலிருந்து பிடுங்கி வைத்திருந்தாள்.

வீட்டு நம்பர் ஊராட்சி நோட்டீஸில் எப்படி வந்தது என்று கேட்டால், அந்தக் கூத்தைச் சொல்லத்தான் வேண்டும்.

அவள் வீட்டுக்காரர் பஸ் கண்டக்டர். கண்டக்டர் என்றால் சாதாரணக் கண்டக்டர் இல்லை, வாயைத் திறந்தால் பஸ்ஸே சிரிக்கும். எந்த ஸ்டாப்பிங்கில் யார் ஏறுவார்கள், யாருக்கு முழங்கால் வலி, யார் மருமகளோடு சண்டை போட்டுக்கொண்டு ஏறியிருக்கிறார்கள், எல்லாம் அத்துப்படி. ஒரு பனிக்கால முடிவில் படியில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. ஆபரேஷன் ஆச்சு. கம்பு ஊன்றி நடக்க வந்தது. பஸ் மட்டும் இனி கிடையாது என்று சொல்லிவிட்டார்கள்.

அன்றிலிருந்து மனுஷன் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். ஒரு நாளைக்கு நாலே நாலு வார்த்தை. சரி, வேணாம், இருக்கட்டும், தெரியலை. சாப்பாடு எப்படி இருக்கு என்றாலும் சரி, மக பாஸாயிட்டா என்றாலும் சரி. வீட்டுக்குள் ஒரு ஆள் இருப்பதே தெரியாது. நோட்டீஸம்மாவுக்கு மூக்கு மேல் கோபம் வருகிற சுபாவம். கத்திப் பார்த்தாள், கெஞ்சிப் பார்த்தாள், பேசாமல் இருந்தும் பார்த்தாள். பேசாமல் இருந்ததை அவர் கவனிக்கவே இல்லை, அதுதான் அவளுக்கு ரொம்ப வலித்தது.

அந்த வருஷம் நோட்டீஸ் அடிக்கிற அன்றைக்கு மகளின் ஸ்கூலிலிருந்து ஒரு கட்டு படிவம். தகப்பன் பெயர், விலாசம், வீட்டு நம்பர் என்று ஆறு தாளில் ஆறு முறை எழுத வேண்டும். ஆபீஸிலேயே உட்கார்ந்து எழுதி முடித்துவிட்டு, அதே கையோடு நோட்டீஸின் கடைசி வரியை அடித்தாள். கை பழகிய நம்பரை அடித்துவிட்டது. எழுத்துப்பிழை இருக்கிறதா என்று மூன்று முறை பார்த்தாள். நம்பரை யார் படித்துப் பார்க்கிறார்கள்! அப்போது இருந்த தலைவர் கண்ணாடி போடாமலே கையெழுத்துப் போட்டார். நானூறு வீட்டுக்கும் நோட்டீஸ் போய்ச் சேர்ந்தது.

முதல் பனி விழுந்த காலை. ஐந்தரை மணி. அவள் அடுப்பைப் பற்ற வைத்துக்கொண்டிருந்தாள். போன் அடித்தது. இந்நேரத்துக்கு யார், யாருக்கு என்ன ஆச்சோ என்று பதறி, கையில் தீக்குச்சியோடு, "ஏங்க, அதை எடுங்களேன்!" என்று கத்தினாள். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தவருக்குப் போன் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. எடுத்தார்.

"பனி ஆபீஸா? டிராக்டர் எப்பங்க வரும்? பால் வண்டி ஏற முடியாம நிக்குது."

தவறான நம்பர் என்று வைத்திருக்கலாம். ஆனால் இருபத்திரண்டு வருஷம் கண்டக்டராக இருந்த ஆள். கேட்கிற பயணியிடம் தெரியாது என்று சொல்ல அந்த வாய்க்குப் பழக்கமில்லை. "எந்தத் தெருங்க?" என்றார். "மேல்வீதி மூணாவது வளைவா? அங்க தள்ளுறதுக்கு முன்னாடி பள்ளத்துல மண்ணு போடணுமே. கொஞ்சம் இருங்க, வச்சுடாதீங்க." ரிசீவரைக் கையால் மூடிக்கொண்டு உள்ளே பார்த்து, "இந்தா, டிராக்டர்காரன் நம்பர் என்ன? சீக்கிரம் சொல்லு, ஆள் லைன்ல இருக்காரு" என்றார்.

தீக்குச்சி அவள் விரலைச் சுட்டது. எட்டு மாசமாக அவர் இத்தனை வார்த்தை சேர்ந்தாற்போல் பேசியதே இல்லை.

எட்டு மணிக்குள் பதினாலு போன். காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டு, மேலிருந்து கீழே பஸ் ரூட் எழுதுகிற மாதிரி தெருத் தெருவாக எழுதி வைத்திருந்தார். டிராக்டர்காரரிடம், "தம்பி, நீ மேலயும் கீழயும் ஏறி இறங்கி டீசலைக் குடிக்காதே. வரிசையா வா, ஸ்டாப்பிங் ஸ்டாப்பிங்கா நான் சொல்றேன்" என்று உத்தரவு வேறு. நோட்டீஸம்மா அப்போதுதான் அலமாரிக் கதவில் ஒட்டியிருந்த நோட்டீஸைப் பார்த்தாள். வேலை போகும், மானம் போகும், நானூறு பேர் காறித் துப்புவார்கள் என்று நினைத்துக்கொண்டே ஆபீஸுக்கு ஓடினாள்.

நேராகத் தலைவரிடம் போய் உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு. அவள் வாயைத் திறக்குமுன் தலைவர் மேஜையைத் தட்டினார். "இந்த வருஷம்தாம்மா உருப்படியா வேலை நடக்குது! எங்க வீட்டுத் தெருவே ஏழு மணிக்கு சுத்தம். அந்தப் போன்ல யாரை உட்கார வச்சிருக்கே?"

"தெரிஞ்சவர் ஒருத்தர், சார்."

"நல்ல ஆள். விட்டுடாதே."

அன்று சாயங்காலம் அவள் வீட்டுக்குள் நுழைந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "நாளைக்கும் பனி இருக்குமா?" லீவுக்கு முந்தின நாள் குழந்தை கேட்கிற மாதிரி கேட்டார். அவள் உள்ளே போய்ப் பாத்திரத்தை உருட்டிக்கொண்டே அழுதாள். சிரிப்பும் வந்தது.

அடுத்த வருஷம் நோட்டீஸ் அடிக்கும்போது திருத்தியிருக்க வேண்டும். ஆபீஸில் நோட்டீஸ் அடிப்பது என்றால் பழைய நோட்டீஸை எடுத்து வருஷத்தை மாற்றுவது, அவ்வளவுதான். வருஷத்தை மாற்றினாள். குப்பை வண்டிக் கிழமையை மாற்றினாள். கடைசி வரிக்கு வந்து ரொம்ப நேரம் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு அப்படியே விட்டுவிட்டு அச்சுக்குக் கொடுத்தாள். முதல் வருஷம் செய்தது கை. ரெண்டாம் வருஷம் செய்தது அவளேதான். அதை அவள் யாரிடமும் மறுத்ததில்லை, யாரும் கேட்கவும் இல்லை. அவர் மட்டும் ஒருமுறை, "உங்க ஆபீஸ்ல என்னைக் கேட்டா நம்பரைப் போட்டாங்க?" என்றார். "கேட்டா நீங்க வேணாம்னு சொல்லியிருப்பீங்க" என்றாள். "அதுவும் சரிதான்" என்று டீயைக் குடித்தார்.

அந்தக் காலைகளை நினைத்தால் நோட்டீஸம்மாவுக்கு இப்போதும் மனசு கதகதப்பாகும். ஜன்னல் கண்ணாடி முழுக்க ஆவி. போன் வைத்த முக்காலியில் டீ டம்ளரின் வட்டம் வட்டமான கறை, எவ்வளவு தேய்த்தாலும் போகாது. கம்பளிக் குல்லாவைக் காதுக்கு மேலே மடித்து விட்டுக்கொண்டு அவர் பேசுகிற பேச்சை அவள் சமையலறையிலிருந்தே கேட்பாள். யார் வீட்டுக் குழாய் உறைந்தது, யார் வீட்டில் விறகு தீர்ந்தது, யார் வண்டி பள்ளத்தில் நிற்கிறது என்று முழு ஊரும் அவர் குரலில் அவள் வீட்டுக்குள் வந்து போகும். ஸ்கூல் பிள்ளைகள் கூப்பிட்டு, "அங்கிள், நாளைக்கு லீவா?" என்று கேட்பார்கள். "பனியை நான் பாத்துக்கறேன், நீ போய்க் கணக்கைப் பாரு" என்று அவர் வைத்துவிடுவார். அவள் ஆபீஸுக்குக் கிளம்பும்போது வாசலில் டிராக்டர் தள்ளிவிட்டுப் போன பாதை தயாராக இருக்கும். "உன் ஸ்டாப்பிங் வந்தாச்சு, இறங்கு இறங்கு" என்று உள்ளேயிருந்து குரல் வரும்.

காலண்டர் தாள் போய் நீள நோட்டு வந்தது. அதன் கடைசிப் பக்கத்தில் தனியாக இருக்கிறவர்களின் கதவு நம்பர். யாரும் சொல்லாமல் அவராக ஆரம்பித்தது. பதினோரு வீடு. பனி விழுந்த நாளில் ஆறரை மணிக்கு ஆரம்பித்து ஒவ்வொரு வீட்டுக்கும் அவரே போன் செய்வார். ரெண்டு தடவை அடித்தும் எடுக்கவில்லை என்றால் டிராக்டர் வேறு எங்கேயும் போகாது, நேராக அந்த வீட்டுக்குத்தான். கடிகாரம் ரிப்பேர் செய்கிறவர் ஒருமுறை கொல்லையில் விழுந்து கிடந்ததை அப்படித்தான் கண்டுபிடித்தார்கள். பட்டியலில் முதல் ஆள் மேல்வீதி நர்சம்மா. ஊரில் பாதிப்பேரைப் பிறக்க வைத்த கை. எண்பது வயசாகியும் அதிகாரம் குறையவில்லை. கூப்பிட்டால், "உயிரோடதான் இருக்கேன், வை போனை" என்பார். ஐந்து நிமிஷம் தாமதமானால் அவரே கூப்பிட்டு, "என்ன தம்பி, என்னை மறந்தாச்சா?" என்பார்.

எல்லாம் இனிப்பாகவே இருந்தது என்றும் சொல்ல முடியாது. மகள் கல்யாணமாகி தூரத்து ஊருக்குப் போனாள். அவளுக்கு லீவு கிடைப்பது பனிக்காலத்தில். வா வா என்று கூப்பிடுவாள். இவர் நகர மாட்டார். "பதினோரு பேரை யார் கூப்பிடுவா?" என்பார். ஒரு வருஷம் நோட்டீஸம்மா கட்டிய பெட்டியை மறுபடி அவிழ்த்துவிட்டு, "அந்தப் போனையே கட்டிக்கிட்டு அழுங்க! எனக்கும் மகளுக்கும்தான் நீங்க இல்லை!" என்று கத்தினாள். அவர் நோட்டை மெல்ல மூடி வைத்தார். அந்த வார்த்தையை இப்போது திரும்ப எடுத்துக்கொள்ள முடிந்தால் எதை வேண்டுமானாலும் கொடுப்பாள்.

வெயில் காலத்தில் ஒரு மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. ஊரே வந்தது. இறப்புப் பதிவு அவள் மேஜை வேலை அல்லவா? பத்தாம் நாள் ஆபீஸுக்குப் போய் அவளே பதிவேட்டைத் திறந்து, அவளே எழுதினாள். பெயர், வயசு, காரணம். தகவல் தந்தவர் என்ற இடத்தில் தன் பெயர். பேனா ஒரு இடத்தில்கூடத் தடுமாறவில்லை. ஆனால் கை எழுதியதை வாய் ஒருநாளும் சொன்னதில்லை. வெளியூரிலிருந்து யாரோ போன் செய்து, "கண்டக்டர் இருக்காரா?" என்றார்கள். "வெளியே போயிருக்கார்" என்றாள். ஒன்றல்ல, மூன்று பேரிடம் அப்படிச் சொன்னாள். மூன்றாவது தடவை தன் குரலைக் கேட்டு அவளுக்கே பயமாகிவிட்டது. அன்றுதான் வயரைப் பிடுங்கினாள்.

இப்போது வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். நம்பரை எடுத்துவிட்டால் அவர் இந்த ஊரில் இருந்ததற்கு அடையாளம் போய்விடும். விட்டு வைத்தால் பனியில் மாட்டிக்கொண்ட யாரோ கூப்பிடுவார்கள், எடுக்க ஆள் இருக்காது. ரெண்டில் எதைச் செய்தாலும் தப்பு மாதிரித்தான் இருந்தது.

புதன்கிழமை டவுன் நம்பருக்கு அடித்துப் பார்த்தாள். பதிவு செய்த குரல். குடிநீருக்கு ஒன்றை அழுத்தவும், சாலைக்கு இரண்டை அழுத்தவும் என்று ஒன்பது வரை போனது. சாலையை அழுத்தினால் பாட்டு. ஏழு நிமிஷம் பாட்டு. போனை வைத்துவிட்டு நேராகச் செயலாளரிடம் போனாள்.

"மேடம், பனியில மாட்டினவன் பாட்டுக் கேட்டுக்கிட்டா நிப்பான்? நம்ம ஊர்ல பாதிப்பேருக்குக் கண்ணு தெரியாது. எதை அழுத்துவாங்க?"

அந்தப் பெண் கோபப்படவில்லை. நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னாள். "நீங்க சொல்றது நியாயம்தான் மேடம். அதனாலதான் திரும்பத் திரும்பக் கேட்கறேன். உங்க வீட்டு நம்பர்ல யார் எடுப்பாங்க?"

நோட்டீஸம்மா சட்டென்று கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"உங்க ஃபைல்ல இருந்துச்சு. யார்கிட்டயும் சொல்லலை. நீங்க எடுக்கறேன்னு சொன்னா நான் அப்படியே விட்டுடறேன்."

சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தைதானே? ஆனால் எழுந்து வந்துவிட்டாள். வியாழக்கிழமை வீட்டில் போன் முன்னால் உட்கார்ந்து வயரைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள். செருகினால் அடிக்கும். அடித்தால் எடுக்க வேண்டும். எடுத்தால் அவரைக் கேட்பார்கள். வயரைக் கீழே போட்டாள்.

வெள்ளிக்கிழமை ஒரு விரலால், ஒவ்வொரு எண்ணாக, பின்னாலிருந்து அழித்தாள். டவுன் நம்பரை அடித்தாள். நானூற்றுப் பன்னிரண்டு தாள் அச்சாகி வீட்டுக்கு வீடு போனது. ஊரில் ஒருத்தரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை போட்டாவது மனசு ஆறியிருக்கும்.

மூன்று வாரம் கழித்து முதல் பனி. ஐந்தரைக்கு அவளுக்குத் தானாக விழிப்பு வந்தது. வெளியே எல்லாம் வெள்ளை. வீடு கல்லு மாதிரிக் கிடந்தது. அடுப்பைப் பற்ற வைத்தாள், டீ போட்டாள், ரெண்டு டம்ளரில் ஊற்றிவிட்டு ஒன்றைத் திரும்பப் பாத்திரத்தில் கொட்டினாள். அப்போதுதான் உறைத்தது. ஊருக்கு நோட்டீஸ் எதுக்கு? பதினேழு வருஷமாக எல்லாருக்கும் அந்த நம்பர் மனப்பாடம். கை தானாக அதைத்தான் அடிக்கும், அவள் கை அடித்த மாதிரி. யாரோ ஒருத்தர் இந்தக் குளிரில் ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு, மணி அடிக்கிறது, அடிக்கிறது என்று நின்றுகொண்டிருப்பார்களே!

புது நம்பரைச் சொல்லிவிட்டு வைத்துவிடலாம், அவ்வளவுதான், என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு வயரைச் செருகினாள். குனிந்தவள் முதுகை நிமிர்த்துமுன் அடித்தது.

பால்காரர். "அக்கா... பழக்க தோஷம்கா. தெரியாம இதுக்கு அடிச்சுட்டேன்." டவுன் நம்பரைச் சொன்னாள். அடுத்தது அடிவாரத்து மெக்கானிக். அவருக்கும் சொன்னாள். மூன்றாவது ஆள் அவள் குரலைக் கேட்டதும் சட்டென்று வைத்துவிட்டார். ஆறரைக்குள் ஒன்பது பேர். எல்லாருக்கும் விஷயம் தெரியும், எல்லாரும் சாவுக்கு வந்தவர்கள், அதனால் யாரும் அவரைக் கேட்கவில்லை. கொஞ்சம் மூச்சு வந்தது.

பத்தாவது போனில் அதட்டல். "தம்பி எங்க? மணி ஆறு முப்பத்தஞ்சு. என்னை மறந்தாச்சா?"

நர்சம்மா. கண் ஆபரேஷனுக்காக ஐந்து மாசம் தங்கச்சி வீட்டில் இருந்துவிட்டு, போன ஞாயிற்றுக்கிழமைதான் திரும்பியிருந்தார். இவர் சொல்லியிருப்பார் என்று அவரும் அவர் சொல்லியிருப்பார் என்று இவரும் இருந்ததில், நர்சம்மாவிடம் ஒருத்தரும் சொல்லவில்லை.

"அவர் வெளியே போயிருக்காருங்க" என்றாள் நோட்டீஸம்மா.

"பனியிலயா? அந்த இடுப்பை வச்சுக்கிட்டா?" நர்சம்மாவின் குரல் ஏறியது. "யார் காதுல பூ சுத்தறே? அவரைக் கூப்பிடு."

நோட்டீஸம்மா சுவரில் சாய்ந்துகொண்டாள். காலடியில் தரை சில்லென்று இருந்தது. "அவர் செத்துட்டாருங்க" என்றாள். "வெயில் காலத்துல. நாலு மாசத்துக்கு மேல ஆச்சு. செத்துட்டாரு." ஒருமுறை சொன்ன வாய் நிற்காமல் இன்னும் ரெண்டு முறை சொன்னது. பிறகு அழுகை வந்தது. எட்டூருக்குக் கேட்கிற அழுகை. போனைக் கையில் வைத்துக்கொண்டே அழுதாள்.

நர்சம்மா எத்தனையோ வீட்டில் இந்த அழுகையைக் கேட்டவர். ஓயட்டும் என்று இருந்துவிட்டு, "வலி பட்டாரா?" என்றார்.

"இல்லைங்க. தூக்கத்துல."

"நல்ல சாவு. நல்ல மனுஷன்." மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "இப்ப உன்கூட யார் இருக்கா?"

"யாரும் இல்லைங்க. மக கூப்பிடறா. நான்தான் போகலை."

"தம்பி வச்சிருந்த நோட்டு இருக்கா?"

"இருக்கு."

"எடு. கடைசிப் பக்கம். மொத்தம் எத்தனை வீடு?"

எடுத்தாள். அவருடைய கோணல் எழுத்து. "பதினொண்ணு."

"கீழே எழுது."

"என்னங்க எழுதறது?"

"ஏம்மா, ஊருக்கெல்லாம் எழுதறே, இது தெரியலையா? கதவு நம்பரை எழுது. உன் கதவு நம்பரை."

பேனா குளிரில் விறைத்திருந்தது. கையில் வைத்துத் தேய்த்தாள். பதிவேட்டில் அவர் சாவை எழுதியபோது தடுமாறாத பேனா இப்போது ரெண்டு கீறலுக்குப் பிறகுதான் எழுதியது. பன்னிரண்டு என்று போட்டு, அதற்கு எதிரே எழுதினாள்.

"எழுதினியா?"

"எழுதிட்டேங்க."

"நாளைக்கும் பனின்னு ரேடியோவுல சொல்றான். ஆறரைக்கு நான் கூப்பிடுவேன். ரெண்டு தடவை அடிச்சு நீ எடுக்கலைன்னா டிராக்டரை உன் வீட்டுக்கு அனுப்பிடுவேன், ஆமா. இப்ப மத்தவங்களைக் கூப்பிடு. பாவம், பத்துப்பேர் காத்துக்கிட்டு இருப்பாங்க." வைத்துவிட்டார்.

நோட்டீஸம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ரெண்டாவது வீட்டுக்கு அடித்தாள். பத்து வீடும் முடிய ஏழே முக்கால். கடிகாரக்காரர் எடுக்கவில்லை. ரெண்டாவது தடவையும் எடுக்கவில்லை. டிராக்டர்காரரைக் கூப்பிட்டாள். "அக்கா, நீங்களா!" என்றவர், "இதோ போறேன்கா" என்றார். போய்ப் பார்த்தால் அந்த மனுஷன் காதில் பஞ்சை வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தாராம். நல்லா நாலு வார்த்தை திட்டி வைத்தாள்.

இருபத்து நாலு வருஷத்தில் முதல்முறையாக ஆபீஸுக்கு ஒரு மணி நேரம் தாமதம். செயலாளர் கடிகாரத்தைப் பார்க்காத மாதிரி இருந்தாள். நோட்டீஸம்மா அவள் மேஜை முன்னால் போய் நின்றாள்.

"மேடம், அந்த நம்பர்ல யார் எடுப்பாங்கன்னு கேட்டீங்கல்ல? நான்தான்."

"நோட்டீஸ் போயிடுச்சே மேடம்."

"போனா போகுது. இந்த ஊர்ல என்னிக்கு யார் நோட்டீஸைப் படிச்சாங்க?"

செயலாளருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அடுத்த வருஷ நோட்டீஸில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு துண்டுத் தாளில் நம்பரைக் குறித்து வைத்துக்கொண்டாள்.

அன்று ராத்திரி மகளுக்குப் போன் செய்து, நர்சம்மா அதட்டியதிலிருந்து கடிகாரக்காரரின் பஞ்சு வரை எல்லாம் சொன்னாள். மகள் சிரித்தாள், அழுதாள், லீவு போட்டுவிட்டு அடுத்த வாரம் நானே வருகிறேன் என்றாள்.

மறுநாள் நர்சம்மா சொன்ன மாதிரியே பனி. நோட்டீஸம்மா ஆறு மணிக்கே டீயைக் குடித்து முடித்து, தலையை வாரி, நோட்டை மடியில் வைத்துக்கொண்டு போன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். மற்றவர்களை ஆறரைக்குப் பிறகு கூப்பிட்டால் போதும். முதலில் அவளைக் கூப்பிட ஒருத்தர் இருக்கிறார். ஆறரைக்கு இன்னும் நாலு நிமிஷம் இருந்தது. கையை ரிசீவர் மேலேயே வைத்திருந்தாள்.